ஃபோல்டரில் உள்ள ஜேபிஜி ஃபைல்களை மட்டும் எடுக்கும் கோடு: லினக்ஸில் 1,148, விண்டோஸில் 2,170. எது சரி?

பனங்காடு:

வணக்கம். பைத்தான் பழக ஆரம்பித்து நாலு மாதம் ஆகிறது. எங்கள் தாத்தா தொடக்கப்பள்ளி ஆசிரியராக இருந்தவர். வேலை பார்த்த ஊர்களில் எல்லாம் நடவு வயலிலும் எழவு வீட்டிலும் பெண்கள் பாடியதைக் கேட்டு நோட்டில் எழுதி வைத்திருக்கிறார், அதில் பாதிக்கு மேல் எங்கள் ஆச்சி பாடியது. மொத்தம் 19 நோட்டு. தாள் எல்லாம் பழுப்பேறி, தொட்டாலே ஓரம் உதிர்கிறது. இந்தப் பொங்கலுக்கு எல்லோரும் ஊரில் கூடியபோது உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்துவிட்டோம். நான் என் ஃபோனில் எடுத்தேன், தம்பி அவனுடைய கேமராவில் எடுத்தான், சித்தி மகன் இரண்டு மூன்று நோட்டைப் பெங்களூருக்கே கொண்டுபோய் ஐஃபோனில் எடுத்து ஜிப் பண்ணி அனுப்பினான். விட்டுப்போன சில பக்கங்களை அத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள்.

ஒவ்வொரு நோட்டுக்கும் எத்தனை படம் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டே வந்தோம். கூட்டினால் 2,064. எல்லாம் இப்போது ஒரே ஃபோல்டருக்குள் தாலாட்டு, ஒப்பாரி, கும்மி, ஏற்றப்பாட்டு என்று உள்ஃபோல்டர்களாக இருக்கிறது. படங்களை மட்டும் பட்டியலாக எடுத்து, நோட்டுக்கு ஒரு பிடிஎஃப் ஆக்க வேண்டும். இணையத்தில் தேடியதில் எல்லோரும் சொன்ன ஒரே வரியைத்தான் போட்டேன். பாத்லிப் இம்போர்ட் செய்து, பாத்(ஃபோல்டர்).ஆர்குளோப்("*.ஜேபிஜி"), அதாவது உள்ஃபோல்டர் வரை தேடி ஜேபிஜி என்று முடியும் பெயர்களை எடுப்பது, அதை லிஸ்ட் ஆக்கி லென் (எண்ணிக்கை) பார்த்தேன். என் உபுண்டு (லினக்ஸ்) லேப்டாப்பில் 1,148 என்று வருகிறது. அதே ஃபோல்டரைப் பென்டிரைவில் போட்டு, அதே கோடைத் தம்பியின் விண்டோஸில் ஓட்டினால் 2,170. இருக்க வேண்டியதோ 2,064. எரர் எதுவும் வரவில்லை, இரண்டு மெஷினிலும் அமைதியாக ஓடி முடிகிறது. ஒன்றில் ஏறக்குறைய பாதி காணவில்லை, இன்னொன்றில் நாங்கள் எடுக்காத 106 படம் கூடுதலாக இருக்கிறது.

கோடில் எந்த இடத்தில் தப்பு? எந்த எண்ணை நம்புவது? ஒரு பக்கம் விட்டுப்போனாலும் அந்தப் பாட்டு போனதுதான், நோட்டு இன்னும் நாலைந்து வருஷம் தாங்குமா என்று தெரியவில்லை, அதனால்தான் கேட்கிறேன்.

முனையம்:

தங்கச்சி, இரண்டு எண்ணுமே தப்பு. ஆனால் கோடு நீங்கள் கேட்டதைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. நான் ஃபோனில் தமிழ் கீபோர்டில் அடிக்கிறேன், கோடைச் சொல்லாகவே சொல்கிறேன், நீங்கள் ஆங்கிலத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த 1,148. லினக்ஸில் சின்ன எழுத்து ஜேபிஜி வேறு, பெரிய எழுத்து ஜேபிஜி வேறு. உங்கள் ஃபோன் சின்ன எழுத்தில் சேமித்திருக்கும், தம்பியின் கேமரா பெயரையும் எக்ஸ்டென்ஷனையும் பெரிய எழுத்தில்தான் போடும், டிஜிட்டல் கேமராக்களில் அது பழைய வழக்கம். ஐஃபோனும் பெரிய எழுத்துதான். ஆக உங்கள் பேட்டர்னில் மாட்டியது உங்கள் ஃபோன் படம் மட்டும். விண்டோஸ் இந்தப் பெரிது சின்னது பார்ப்பதில்லை, பாத்லிப்பும் அங்கே அதற்குத் தகுந்தபடி நடக்கும், அதனால் எல்லாம் உள்ளே வந்துவிட்டது.

பைத்தான் 3.12 முதல் குளோப், ஆர்குளோப் இரண்டிலும் கேஸ் சென்சிடிவ் என்று ஒரு ஆப்ஷன் இருக்கிறது, அதை ஃபால்ஸ் என்று கொடுத்தால் போதும். ஆனால் உபுண்டு 22.04 என்றால் அதில் வருவது 3.10, அங்கே அந்த ஆப்ஷன் கொடுத்தால் எரர்தான் வரும். அதனால் நான் எப்போதும் சொல்வது பேட்டர்னை நம்பாதீர்கள் என்பதுதான். ஆர்குளோப்புக்கு வெறும் "*" கொடுத்து எல்லாவற்றையும் வாங்குங்கள், ஒவ்வொன்றிலும் ஈஸ்ஃபைல் போட்டு ஃபைல்தானா என்று பார்த்து (ஃபோல்டருக்கும் புள்ளி ஜேபிஜி என்று பெயர் வைக்கலாம், யாரும் தடுக்கப்போவதில்லை), அதன் சஃபிக்ஸை (எக்ஸ்டென்ஷனை) லோயர், அதாவது சின்ன எழுத்து ஆக்கி, நீங்கள் வைத்திருக்கும் செட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். எந்த மெஷினிலும் எந்த வெர்ஷனிலும் இது ஒரே மாதிரி நடக்கும்.

செட்டில் என்னென்ன போடுவது என்று ஊகிக்க வேண்டாம். அதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். கலெக்ஷன்ஸ் மாட்யூலில் கவுன்டர் என்று ஒன்று இருக்கிறது, அதில் எல்லா ஃபைலின் சஃபிக்ஸையும் லோயர் ஆக்கிப் போட்டு பிரின்ட் பண்ணுங்கள். உங்கள் ஃபோல்டரில் நிஜமாகவே எத்தனை வகை இருக்கிறது, ஒவ்வொன்றும் எத்தனை என்று வந்துவிடும். வடிகட்டுவதற்கு முன்னால் மொத்தத்தை எண்ணிப் பாருங்கள், நான் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுப்பது இதுதான். வாட்ஸ்அப் வெப்பில் இறக்கியது ஜேபெக் என்று, நடுவில் ஒரு ஈ-யோடு வந்திருக்கும், அதை விண்டோஸும் விட்டிருக்கும் பாருங்கள்.

கூடுதலாக வந்த 106 பற்றி எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. கவுன்டர் ரிசல்ட்டைப் போடுங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

கணக்குப்பிள்ளை:

இதே மாதிரி எனக்கு எக்ஸெல்லில் நடந்தது, இங்கேயே சொல்லிவிடுகிறேன், யாருக்காவது உதவும். நான் ஆடிட்டர் ஆபீஸில் இருக்கிறேன். பழைய வடிவ எக்ஸ்எல்எஸ் ஃபைல்களை மட்டும் எடுத்து மாற்றுவதற்கு விபிஏ மேக்ரோவில் டிர் ஃபங்ஷனுக்கு "*.எக்ஸ்எல்எஸ்" கொடுத்தேன், அது எக்ஸ்எல்எஸ்எக்ஸ் ஃபைலையும் சேர்த்து எடுத்துக்கொண்டு வந்து, ஏற்கெனவே மாற்றியதையே திரும்ப மாற்றிக்கொண்டிருந்தது. இரண்டு நாள் மண்டையை உடைத்த பிறகுதான் காரணம் புரிந்தது. டாஸ் காலத்து எட்டு எழுத்துப் பெயர், மூன்று எழுத்து எக்ஸ்டென்ஷன் என்ற முறையை விண்டோஸ் இன்னும் மறைவாக வைத்திருக்கிறது, நீளமான பெயருள்ள ஃபைலுக்குப் பக்கத்தில் ஒரு குட்டிப் பெயரும் இருக்கும், அந்தக் குட்டிப் பெயரில் எக்ஸ்எல்எஸ்எக்ஸ் வெட்டுப்பட்டு எக்ஸ்எல்எஸ் ஆகிவிடும். தேடும்போது இரண்டு பெயரையும் பார்க்கிறது. கறுப்பு விண்டோவில் டிர் கமாண்ட் கொடுத்தாலும் இப்படித்தான், ஹெச்டிஎம் கேட்டால் ஹெச்டிஎம்எல்லும் வரும். குட்டிப் பெயர் உண்டாக்குவதை நிறுத்தி வைத்திருக்கும் டிரைவில் இந்தத் தொல்லை இல்லை, அதனால் ஒரு மெஷினில் வரும், இன்னொன்றில் வராது. இப்போது நான் பெயரின் கடைசி நாலு எழுத்தைப் புள்ளியோடு வெட்டி எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

முனையம் அண்ணா, ஒரு சந்தேகம். எங்கள் சர்வரில் லட்சக்கணக்கில் ஃபைல் இருக்கிறது. எல்லாவற்றையும் வாங்கி அப்புறம் வடிகட்டினால் நேரம் எடுக்காதா?

முனையம்:

பேட்டர்ன் கொடுத்தாலும் உள்ளுக்குள் எல்லாப் பெயரையும் வாங்கித்தான் ஒப்பிடுகிறது, அதனால் அதில் பெரிய லாபம் இல்லை. நேரம் போவது ஒவ்வொரு ஃபைலுக்கும் இது ஃபைலா ஃபோல்டரா, சைஸ் என்ன என்று தனித்தனியாகச் சிஸ்டத்தைக் கேட்பதில்தான், அதுவும் நெட்வொர்க் டிரைவ் என்றால் ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு பயணம். ஓஎஸ் மாட்யூலில் ஸ்கேன்டிர் என்று ஒன்று 3.5 வெர்ஷனில் வந்தது, பெயரைக் கொண்டுவரும்போதே ஃபைலா ஃபோல்டரா என்ற விவரத்தையும், விண்டோஸில் என்றால் சைஸையும், கையோடு எடுத்து வந்துவிடும். ஓஎஸ்.வாக்கையும் அதை வைத்தே திருத்தி எழுதினார்கள், விண்டோஸில் 7 முதல் 20 மடங்கு வரை வேகம் கூடியதாக அந்த வெர்ஷனின் வெளியீட்டுக் குறிப்பிலேயே இருக்கிறது. லட்சம் ஃபைலுக்கு வாக் அல்லது ஸ்கேன்டிர் போங்கள். பனங்காடு கேட்கும் இரண்டாயிரத்துக்கு எது போட்டாலும் கண் சிமிட்டும் நேரம்தான்.

பனங்காடு:

அண்ணா, கவுன்டர் போட்டுப் பார்த்தேன். ஜேபிஜி 2,170. தம்பி மெஷினில் வந்த அதே எண்! ஜேபெக் 86. ஹெச்இஐசி (ஐஃபோனின் பட வடிவம்) 24. டிபி 3. எக்ஸ்டென்ஷன் இல்லாதது 5. ஜேஎஃப்ஐஎஃப் 1, அது என்னவென்று தெரியவில்லை. சித்தி மகனிடம் கேட்டேன், முதல் 12 படம் எடுத்த பிறகுதான் ஃபோன் செட்டிங்கில் ஜேபிஜி என்று மாற்றினானாம், அப்படியென்றால் ஹெச்இஐசி 12 இருக்க வேண்டும், 24 எப்படி?

இன்னொன்றும் புரியவில்லை. நோட்டுவாரியாக எண்ணலாம் என்று ஃபோல்டர் பெயர்களைக் கோடில் ஒரு லிஸ்ட்டாக அடித்து, பழைய குளோப் மாட்யூலை வைத்து, ஃபோல்டர் பெயரையும் "/*"-ஐயும் ஒட்டி ஒவ்வொன்றாக ஓட்டினேன். மூன்று ஃபோல்டர் பூஜ்யம் காட்டுகிறது. கோலாட்டம், தொழில் பாட்டு, அப்புறம் நான் பெயர் வைத்த "[பாதி] ஒப்பாரி" (அந்த நோட்டில் பாதிப் பாட்டுகள் முடியாமல் நிற்கின்றன, அதனால் அந்தப் பெயர்). கண்ணால் பார்க்கிறேன், ஃபோல்டர் இருக்கிறது, உள்ளே படமும் இருக்கிறது. கோலாட்டம், தொழில் பாட்டு, கும்மி மூன்றும் சித்தி மகன் அனுப்பிய ஜிப்பில் வந்தவை, ஆனால் கும்மி மட்டும் சரியாக வருகிறது. எழுத்துப் பிழையோ என்று பத்துத் தடவை பார்த்துவிட்டேன்.

ஏழாம்பக்கம்:

பனங்காடு, நான் பழைய ஏடுகளையும் பத்திரிகைகளையும் ஸ்கேன் செய்து வைக்கும் வேலையில் இருக்கிறேன், நீங்கள் சொல்லும் ஒவ்வொன்றும் எங்களுக்கும் நடந்தது. முதலில் ஒன்று சொல்கிறேன். எடுக்கும்போதே தாளில் எண்ணிக்கை எழுதி வைத்தீர்களே, அதுதான் உங்களைக் காப்பாற்றியது. அந்த 2,064 கையில் இல்லை என்றால் 1,148-ஐயே சரி என்று எடுத்துக்கொண்டு பிடிஎஃப் போட்டிருப்பீர்கள்.

24-க்குக் காரணம் அந்த ஜிப். மேக்கில் வலது க்ளிக் செய்து ஜிப் ஆக்கினால், உள்ளே மேக்ஓஎஸ்எக்ஸ் என்று அடிக்கோடுகளோடு தொடங்கும் ஒரு ஃபோல்டரும் சேர்ந்து வரும். அதற்குள் ஒவ்வொரு படத்தின் பெயரிலும், முன்னால் ஒரு புள்ளியும் ஒரு அடிக்கோடும் ஒட்டி, குட்டிக் குட்டி ஃபைல்கள் இருக்கும். மேக் தனக்காக வைத்துக்கொள்ளும் குறிப்புகள் அவை, படமே கிடையாது, ஆனால் எக்ஸ்டென்ஷன் ஜேபிஜி என்றே இருக்கும். உங்கள் சித்தி மகனின் படம் ஒவ்வொன்றும் இரண்டாக எண்ணப்பட்டிருக்கிறது. பழைய குளோப் மாட்யூல் புள்ளியில் தொடங்கும் பெயர்களைத் தானாகவே விட்டுவிடும், பாத்லிப் விடாது, இரண்டும் ஒரே பெயரில் உள்ள ஒரே வேலை என்று நினைத்தால் இங்கேதான் அடி விழும். பெயர் புள்ளியில் தொடங்கினால் வேண்டாம் என்று ஒரு நிபந்தனை சேருங்கள். எக்ஸ்டென்ஷன் இல்லாத 5 அநேகமாக மேக் தன் ஃபோல்டர்களில் போட்டுவைக்கும் டிஎஸ் ஸ்டோர், டிபி 3 விண்டோஸ் குட்டிப் படங்களைச் சேர்த்துவைக்கும் தம்ப்ஸ், இரண்டும் வேண்டாதவை.

அடுத்தது "[பாதி] ஒப்பாரி". குளோப்பில் சதுர அடைப்புக்கு அர்த்தம் உண்டு, உள்ளே இருக்கும் எழுத்துகளில் ஏதாவது ஒன்று என்று எடுத்துக்கொள்ளும். அதனால் உங்கள் கோடு ப, ா, த, ி இவற்றில் ஒன்று, பிறகு ஒப்பாரி என்று பெயருள்ள ஃபோல்டரைத் தேடிப் போயிருக்கிறது. அப்படி ஒன்று இல்லை, அதனால் பூஜ்யம். குளோப்.எஸ்கேப் என்ற ஃபங்ஷனில் ஃபோல்டர் பெயரைப் போட்டு எடுத்தால் சரியாகும். பாத்லிப்பில் ஃபோல்டரை பாத் என்று கொடுத்துவிட்டு, அதன்மேல் குளோப் கூப்பிட்டால் இந்தப் பிரச்சினையே வராது, பேட்டர்ன் தனி, இடம் தனி.

இப்போது கோலாட்டம். இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், தமிழில் பெயர் வைக்கும் எல்லோருக்கும் இது வேண்டும். கோ என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். க-வுக்குப் பிறகு ோ என்ற ஒரே குறி, அது ஒரு விதம். க, அப்புறம் ே, அப்புறம் ா என்று குறியை இரண்டாக உடைத்து எழுதுவது இன்னொரு விதம். திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்று, ஆனால் கம்ப்யூட்டருக்கு ஒன்றின் நீளம் 2, மற்றதன் நீளம் 3. ொ, ோ, ௌ மூன்றுக்கும் இப்படி உடைந்த வடிவம் உண்டு. நாம் கீபோர்டில் அடித்தால் பெரும்பாலும் சேர்ந்த வடிவம் வரும். மேக்கில் முன்பு இருந்த ஹெச்எஃப்எஸ் பிளஸ் என்ற ஃபைல் சிஸ்டம் எந்தப் பெயரையும் உடைத்துத்தான் சேமித்து வைக்கும், 2017-இல் ஏபிஎஃப்எஸ் வந்த பிறகு அந்தப் பழக்கம் போனது. உங்கள் சித்தி மகனுடையது பழைய மேக் ஆக இருக்க வேண்டும், கேட்டுப் பாருங்கள். கோலாட்டத்தில் கோ இருக்கிறது, தொழிலில் தொ இருக்கிறது, கும்மியில் உடைய ஒன்றும் இல்லை, அதனால் அது மட்டும் பொருந்தியது. லினக்ஸ் பெயரை வெறும் பைட் வரிசையாகத்தான் பார்க்கும், இரண்டும் ஒன்றுதானே என்று யோசிக்காது.

தீர்வு, யூனிகோட்டேட்டா மாட்யூலில் நார்மலைஸ் என்ற ஃபங்ஷன். ஒப்பிடும் முன் இரண்டு பக்கத்தையும் என்எஃப்சி என்ற சேர்ந்த வடிவத்துக்கு மாற்றிவிட்டு ஒப்பிடுங்கள். ஒரே தடவையாக ஃபோல்டர் பெயரையே என்எஃப்சிக்கு மாற்றி ரீநேம் செய்துவிட்டால் இன்னும் நல்லது. பேக்கப் எடுத்துவிட்டுச் செய்யுங்கள்.

அந்த ஒரு ஜேஎஃப்ஐஎஃப்-ஐ விட்டுவிடாதீர்கள். அதுவும் ஜேபிஜி படமேதான், விண்டோஸில் பிரவுசர் வழியாகச் சேமிக்கும்போது சில சமயம் இந்தப் பெயரில் விழும். எக்ஸ்டென்ஷன் என்பது மேலே ஒட்டிய சீட்டு, உள்ளே என்ன இருக்கிறது என்பது வேறு. ஜேபிஜி படத்தின் முதல் மூன்று பைட் எஃப்எஃப், டி8, எஃப்எஃப் என்று இருக்கும். சந்தேகம் உள்ள ஃபைலை பைனரியாகத் திறந்து அந்த மூன்றை மட்டும் படித்துப் பாருங்கள், அல்லது லினக்ஸில் ஃபைல் என்ற கமாண்டே சொல்லிவிடும். ஹெச்இஐசி படத்தை யாராவது பெயரை மட்டும் ஜேபிஜி என்று மாற்றியிருந்தாலும் அதில் பிடிபடும்.

வாய்க்கால்கரை:

எல்லோரும் எண்ணிக்கையைப் பற்றிச் சொல்லிவிட்டீர்கள், வரிசையைப் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் அக்கா பிடிஎஃப் ஆக்கப் போகிறார்கள், அதில் வரிசைதான் உயிர்.

லிஸ்ட்டிர், குளோப், ஸ்கேன்டிர் எதுவும் ஃபைல்களை வரிசைப்படுத்தித் தருவதில்லை. எந்த வரிசையில் வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்று பைத்தான் ஆவணத்திலேயே எழுதியிருக்கிறார்கள். சிக்கல் என்னவென்றால் சில மெஷினில் அது தற்செயலாக அகர வரிசையில் வந்துவிடும், நாமும் அதுதான் இயல்பு என்று நம்பிவிடுவோம். நான் வேதியியல் படிக்கிறேன், எங்கள் துறையில் இதனால் வந்த ஒரு விஷயத்தை எங்கள் பேராசிரியர் வகுப்பில் சொல்லாமல் விடமாட்டார். மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் வில்லோபி, ஹோய் ஆகியோர் 2014-இல் நேச்சர் புரோட்டோகால்ஸ் இதழில் ஒரு கணக்கிடும் முறையை வெளியிட்டார்கள், மூலக்கூறுகளின் என்எம்ஆர் (காந்தப்புலத்தில் வைத்து மூலக்கூறின் அமைப்பை அறியும் சோதனை) அளவுகளைக் கணித்துச் சொல்வதற்கு. அதோடு பைத்தான் ஸ்கிரிப்ட்டும் கொடுத்தார்கள், உலகம் முழுக்க அதைப் பயன்படுத்தினார்கள். 2019-இல் ஹவாய் பல்கலைக்கழகத்தில் ஒரு குழு அதை வெவ்வேறு மெஷினில் ஓட்டிப் பார்த்தபோது, ஒரே தரவுக்கு ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் பொறுத்து வேறு வேறு விடை வந்தது. காரணம் குளோப். ஒரே மூலக்கூறு வடிவத்துக்கு உரிய இரண்டு வகை ஃபைல்களை அது தந்த வரிசையை நம்பி ஜோடி சேர்த்திருந்தார்கள், வரிசை மாறினால் ஜோடியும் மாறிவிட்டது. திருத்தம் என்ன தெரியுமா, பட்டியலை வாங்கிய கையோடு சார்ட் செய்வது, அவ்வளவுதான். அதைக் கண்டுபிடித்து ஆர்கானிக் லெட்டர்ஸ் இதழில் எழுதினார்கள். ஸ்கிரிப்ட் எழுதியவர்களைக் குறை சொல்ல முடியாது, அவர்கள் மெஷினில் அது சரியாகவே ஓடியிருக்கிறது.

அதனால் அக்கா, சார்ட்டட் என்று ஒரு சொல்லை வெளியே சுற்றிவிடுங்கள். அதுவும் போதாது. பெயரில் எண் இருந்தால் 1, 10, 11, 2 என்று வரும், எழுத்தாகத்தானே ஒப்பிடுகிறது. கேமரா 0001 என்று முன்னால் பூஜ்யம் போட்டிருக்கும், அது பரவாயில்லை. நீங்களாகப் "பக்கம் 2", "பக்கம் 10" என்று பெயர் வைத்திருந்தால், ரீ மாட்யூலால் பெயரை எண் உள்ள இடங்களில் வெட்டி, எண்ணாக உள்ள துண்டுகளை இன்ட் ஆக்கி, அதையே சார்ட்டின் கீ ஆகக் கொடுக்க வேண்டும். நேட்சார்ட் என்ற தயார் பேக்கேஜும் இருக்கிறது.

தமிழ்ப் பெயர்களைச் சார்ட் செய்தால் இன்னொன்றும் நடக்கும். யூனிகோடின் எண் வரிசை நம் நெடுங்கணக்கு வரிசை கிடையாது. ன அங்கே ந-வுக்கு அடுத்து நிற்கிறது, ற ர-வுக்கு அடுத்து, ஜ ஞ-வுக்கு முன்னால். புள்ளி வைத்த க், க வரிசையின் எல்லா உயிர்மெய்க்கும் பின்னால் போய்விடும். நோட்டுக்குப் பொருளடக்கம் போடுவதாக இருந்தால் பைஐசியு என்ற நூலகத்தில் தமிழ் வரிசை கேட்டு வாங்குங்கள்.

ஏழாம்பக்கம்:

வாய்க்கால்கரை தம்பி சொன்ன வரிசை விஷயம் மிக முக்கியம். அதோடு இரண்டு சின்னச் செய்தி. தாத்தா பழைய ஆசிரியர், பக்கத்துக்குத் தமிழ் எண் போட்டிருந்து நீங்களும் அப்படியே பெயர் வைத்திருந்தால் பயப்பட வேண்டாம், பைத்தானின் இன்ட் ௧௨ என்பதை 12 என்று சரியாக வாசிக்கும். பத்துக்கு உரிய ௰ குறியை மட்டும் அது ஏற்காது.

அடுத்து, படத்துக்குப் பாட்டின் முதல் அடியைப் பெயராக வைக்கலாம் என்று தோன்றும், எங்களுக்கும் தோன்றியது. லினக்ஸில் வழக்கமான எக்ஸ்ட்4 டிரைவில் ஒரு பெயர் 255 பைட்டுக்குள் இருக்க வேண்டும், ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட், ஆக 85 குறிதான். "ஆராரோ ஆரிரரோ" என்பதே இடைவெளியோடு 34 பைட் ஆகிவிடும். ஒப்பாரியின் முதல் அடி நீளமாக இருந்தால் விண்டோஸில் நிற்கும் பெயர் லினக்ஸுக்கு வரும்போது காப்பி ஆகாமல் நின்றுவிடும். நோட்டு எண், பக்க எண் மட்டும் பெயரில் வைத்துவிட்டுப் பாட்டின் அடியைத் தனியாக ஒரு அட்டவணையில் எழுதுங்கள்.

பனங்காடு:

எல்லோருக்கும் நன்றி. சனி ஞாயிறு இரண்டு நாளும் இதிலேயே உட்கார்ந்திருந்தேன்.

சித்தி மகனுடையது 2012-இல் வாங்கிய மேக், அப்டேட்டே செய்யவில்லையாம், ஏழாம்பக்கம் அக்கா சொன்னது சரி. ஃபோல்டர் பெயரை வாங்கி லென் போட்டுப் பார்த்தேன், நான் அடித்த கோலாட்டம் 9, அவன் அனுப்பிய கோலாட்டம் 10. அந்த ஒரு எண்ணைப் பார்த்த பிறகுதான் நம்பினேன். என்எஃப்சி ஆக்கி ரீநேம் செய்துவிட்டேன். புள்ளியில் தொடங்குவதை எல்லாம் விலக்கி, ஜேபிஜி, ஜேபெக், ஹெச்இஐசி மூன்றையும் செட்டில் வைத்து ஓட்டினேன். ஃபோன் 1,148, கேமரா 612, வாட்ஸ்அப் 86, ஐஃபோன் 205 ஜேபிஜியும் 12 ஹெச்இஐசியும். மொத்தம் 2,063. உபுண்டுவிலும் தம்பி மெஷினிலும் ஒரே எண், முதல் தடவையாக.

ஒன்று குறைந்தது. அது அந்த ஜேஎஃப்ஐஎஃப்தான். அத்தை அனுப்பியதில் ஒரு படத்தைத் தம்பி அவன் பிரவுசரில் சேமித்திருக்கிறான், அது அப்படி விழுந்திருக்கிறது. முதல் மூன்று பைட் படித்தேன், எஃப்எஃப், டி8, எஃப்எஃப். செட்டில் சேர்த்தேன், 2,064.

திறந்து பார்த்தேன். "[பாதி] ஒப்பாரி" நோட்டின் கடைசிப் பக்கம் அது. தாத்தாவின் கையெழுத்து இல்லை. பென்சிலில், கோணல்மாணலாக, ஆச்சி தானே எழுதியது. ஆச்சிக்கு எழுதத் தெரியும் என்றே எங்களுக்குத் தெரியாது. அம்மாவிடம் காட்டியிருக்கிறேன், வாசித்துக்கொண்டிருக்கிறார்கள். வரிசை சரியான பிறகு நோட்டு 1 பிடிஎஃப் இன்று ராத்திரி போடுகிறேன், ஹெச்இஐசி 12-ஐயும் ஜேபிஜி ஆக்குவது எப்படி என்று மட்டும் தனியாகக் கேட்கிறேன்.